ஏழு நிமிடக் கார்ட்டூனும் நாலு டிஸ்க் பெட்டியும்

லூனி ட்யூன்ஸ் கோல்டன் கலெக்‌ஷன் என்பது வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் பழைய கார்ட்டூன்களைத் தொகுத்த டிவிடி வரிசை. அதில் பின்னால் வந்த பெட்டிகளில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். இது வயது வந்த சேகரிப்பாளர்களுக்கானது, குழந்தைகளுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று. உள்ளே இருப்பதோ கேரட் கடிக்கும் முயலும், திக்கித் திக்கிப் பேசும் பன்றியும், எச்சில் தெறிக்கக் கத்தும் வாத்தும். முதல் தடவை படித்தபோது யாரோ வக்கீல் எழுதிக் கொடுத்த வரி என்று நினைத்துச் சிரித்தேன். டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த பிறகு, பெட்டியில் அச்சாகியிருப்பதிலேயே நேர்மையான வரி அதுதான் என்று தோன்றியது.

இந்த வரிசையின் முதல் பெட்டியை வார்னர் 2003 அக்டோபரில் வெளியிட்டது. 4 டிஸ்க், 56 கார்ட்டூன், கூடவே வரலாற்றாசிரியர்களின் பின்னணி உரைகள், ஆவணப்படங்கள். கையோடு அதிலிருந்தே 28 கார்ட்டூன்களை எடுத்து 2 டிஸ்க்கில் போட்டு, விலையையும் குறைத்து இன்னொரு பெட்டி விட்டார்கள். அது குடும்பங்களுக்கு. அதே முயல், அதே வாத்து, ஆனால் சேகரிப்பவருக்கு ஒரு பெட்டி, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவருக்கு வேறு பெட்டி. இப்படிப் பிரிக்க வேண்டி வந்தது ஏன் என்று கேட்டால், இந்தப் படங்கள் முதலில் யாருக்காக எடுக்கப்பட்டன என்பதில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

டிக்கெட் எடுத்து உள்ளே வந்த எல்லோருக்காகவும்தான். 1930, 40களில் அமெரிக்கத் தியேட்டரில் உட்கார்ந்தால் முதலில் செய்திப்படம் ஓடும், ஒரு குறும்படம் ஓடும், கார்ட்டூன் ஓடும், வரப்போகும் படத்தின் டிரெய்லர் ஓடும், அப்புறம்தான் பெரிய படம். படம் எடுப்பதும் விநியோகிப்பதும் தியேட்டர் நடத்துவதும் பெரிய ஸ்டுடியோக்களின் கையிலேயே இருந்த காலம் அது. பெரிய படத்தோடு சின்னச் சரக்கையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடலாம். 1948இல் பாரமவுன்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை உடைத்தது. கார்ட்டூன் தன் காலில் நின்று விலைபோக வேண்டிய நிலை வந்தது, பின்னாலேயே தொலைக்காட்சியும் வந்தது. எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை 1957இல் மூடியது. வார்னர் 1963இல் மூடியது.

ஆக, பக்ஸ் பன்னி என்ற அந்த முயலின் பொற்காலத்தில் எதிரே இருளில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வேலை முடித்து வந்த பெரியவர்கள். கூட வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைத்தாக வேண்டும். 1943இல் வந்த ‘ஃபாலிங் ஹேர்’ கார்ட்டூனின் முடிவு இதற்கு அருமையான உதாரணம். விமானம் தலைகுப்புறப் பாய்ந்து வருகிறது, தரையில் மோதப் போகிற கடைசி நொடியில் அந்தரத்திலேயே சடக்கென்று நின்றுவிடுகிறது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். குழந்தை சிரிப்பது, அவ்வளவு வேகமாக வந்தது அப்படியே தொங்குகிறதே என்பதற்காக. பெரியவர் சிரிப்பது, முயல் அடுத்துச் சொல்லும் ஒரு சொல்லுக்காக: ஏ கார்டு. போர்க்காலத்தில் அமெரிக்காவில் பெட்ரோல் ரேஷனில் கிடைத்தது. சாதாரண வண்டிக்காரருக்கு ஏ என்று ஒரு ஒட்டி, அதைக் காட்டினால் வாரத்துக்குச் சில கேலன். இன்றைக்குப் பார்க்கும் பெரியவருக்கும் அது தெரியாது. முதல் சிரிப்பு அப்படியே நிற்கிறது, இரண்டாவதற்கு விளக்கம் தேவைப்படுகிறது. அந்த விளக்கத்துக்குத்தான் நாலு டிஸ்க் பெட்டியின் பின்னணி உரைகள். ஜெர்ரி பெக், மைக்கேல் பாரியர் போன்ற கார்ட்டூன் வரலாற்றாசிரியர்கள் ஏழு நிமிடத்துக்குள் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கிறார்கள்.

ஏழு நிமிடம் என்றேன். ஒரு ரீல் கணக்கு அது. நொடிக்கு 24 ஃபிரேம், ஏழு நிமிடத்துக்கு 10,080 ஃபிரேம். இயக்குநர் படம் வரையத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு அசைவுக்கும் எத்தனை ஃபிரேம் என்று தாளில் குறித்துவிடுவார். கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு, வேகமாக ஓடும் பறவையைத் துரத்தித் துரத்தித் தோற்கும் ரோட் ரன்னர் படங்களை எடுத்த சக் ஜோன்ஸ், பாறை விளிம்பிலிருந்து விழும் கயோட்டிக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்: சிறு புள்ளியாகித் தூரத்தில் மறைய 18 ஃபிரேம், மறைந்த பிறகு தரையில் மோத இன்னொரு 14. கடைசியில் மெல்ல எழும்பும் அந்தத் தூசிப் படலத்துக்கு நாம் சிரிப்பது, அதற்கு முன்னால் இருக்கும் அரை நொடிக்கும் சற்று அதிகமான வெறுமைக்காக. அதில் நாலு ஃபிரேம் கூட்டினாலோ குறைத்தாலோ அந்தச் சிரிப்பு வராது.

இதில் வீட்டு வீடியோ செய்த ஒரு குளறுபடி பலர் கவனிக்காதது. ஐரோப்பா உள்ளிட்ட பல நாடுகளில் இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும். 24இல் எடுத்ததை அதில் ஏற்ற எளிய வழி, கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. ஏழு நிமிடக் கார்ட்டூன் ஏறத்தாழ 17 நொடி சுருங்கிவிடும், குரலும் லேசாகக் கீச்சென்று ஏறிவிடும். முழுநீளக் குடும்பப் படத்தில் இது யாருக்கும் உறைக்காது. ஃபிரேம் எண்ணி எடுத்த நகைச்சுவையில் உறைக்கும். அமெரிக்க முறையில் வேகம் மாறவில்லை, ஆனால் 24ஐ 30ஆக நீட்ட ஒவ்வொரு நாலு ஃபிரேமுக்கும் ஒன்று என இடைச்செருகல் நடந்தது; நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இரண்டு ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்று பேய்போலப் படிந்திருக்கும். ப்ளூ-ரேயில் 24ஐ 24ஆகவே பதிய முடிந்தபோதுதான் கயோட்டி பழைய வேகத்தில் விழ ஆரம்பித்தது.

வேகத்தைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. எம்ஜிஎம்முக்காக ஹன்னாவும் பார்பெராவும் எடுத்த 114 டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்கள் 1940இல் இருந்து 1958 வரை வெளிவந்தன. வருடத்துக்கு ஆறு. அதாவது தியேட்டரில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மாதம் ஓடியிருக்கும். பெட்டியில் எல்லாவற்றையும் ஓட்டு என்ற பொத்தானை அழுத்தினால், ஒன்றேகால் வருடத்துப் படங்கள் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ரோட் ரன்னரின் கதை இன்னும் மோசம். முதல் படம் 1949இல் வந்தது, இரண்டாவது 1952இல். மூன்று வருட இடைவெளி. ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். பார்ப்பவர் மறந்திருப்பார் என்றும் தெரியும். கோல்டன் கலெக்‌ஷன் இரண்டாம் பெட்டியில் ஒரு டிஸ்க்கின் பெரும்பகுதி ரோட் ரன்னர். ஐந்தாவது படத்தில் எனக்கே கயோட்டி மேல் பரிதாபம் வந்துவிட்டது, சிரிப்பு வரவில்லை. தவறு படத்துடையது அல்ல, அடுக்கியவிதம் அப்படி.

அடுக்குவதில்தான் தொகுப்பாளரின் கை தெரியும். பாத்திரம் வாரியாக அடுக்கினால் பிள்ளைகளுக்கு வசதி, தேடியது சட்டென்று கிடைக்கும். ஆண்டு வாரியாக அடுக்கினால் பாத்திரம் எப்படி வளர்ந்தது என்று தெரியும். 2007இல் வந்த, பாப்பாய் என்ற மாலுமியின் கார்ட்டூன்களின் முதல் தொகுப்பு 1933 முதல் 1938 வரையிலான 60 படங்களை அப்படித்தான் வைத்தது. டிஸ்னியின் தகரப் பெட்டி வரிசை, வால்ட் டிஸ்னி ட்ரஷர்ஸ், 2001இல் தொடங்கியது. திரைப்பட வரலாற்றாசிரியர் லியனார்ட் மால்டின் திரையில் வந்து ஒவ்வொன்றையும் அறிமுகம் செய்வார். எனக்குப் பிடித்தது ஆண்டு வாரி. ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டும், வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் அது எடுபடாது. 1930களின் தொடக்கக் கார்ட்டூன்களில் பாட்டுக்குத் தலையாட்டும் பூக்கள்தான் அதிகம், நகைச்சுவை குறைவு.

பாப்பாய் தொகுப்பு 2007 வரை ஏன் காத்திருந்தது என்பது தனிக் கதை. பாத்திரம் செய்தித்தாள் சித்திரக்கதையில் பிறந்ததால் உரிமை கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்திடம். தியேட்டர் கார்ட்டூன்களை ஃப்ளைஷர் ஸ்டுடியோ எடுத்தது, பாரமவுன்ட் வெளியிட்டது, பிறகு அவை கைமாறிக் கைமாறிக் கடைசியில் வார்னர் குடும்பத்துக்குள் வந்தன. ஒருவரிடம் மாலுமி, இன்னொருவரிடம் படம். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிக்கும்வரை நல்ல பிரிண்ட் வெளியே வரவில்லை.

லூனி ட்யூன்ஸும் இந்தச் சுழலில் சிக்கியதுதான். பழைய படங்களுக்கு இனி என்ன மதிப்பு என்று நினைத்த வார்னர், 1948 ஆகஸ்டுக்கு முந்தைய வண்ணக் கார்ட்டூன்களை 1956இல் அசோசியேட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் புரொடக்‌ஷன்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அங்கிருந்து 1958இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், 1981இல் எம்ஜிஎம் அதை வாங்கியது, 1986இல் தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் கைக்குப் போனது, 1996இல் டர்னர் நிறுவனமே டைம் வார்னரோடு சேர்ந்தது. விற்ற பொருள் நாற்பது வருடம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வீட்டுக்கே வந்த கதை. நடுவில் வந்த வீடியோ கேசட் காலம் முழுக்க, முயலின் இளமை ஒரு நிறுவனத்தின் கேசட்டில், நடுவயது இன்னொன்றின் கேசட்டில். 1940இல் வந்த ‘எ வைல்ட் ஹேர்’ படத்தையும் 1957இல் வந்த ‘வாட்ஸ் ஓபரா, டாக்?’ படத்தையும் ஒரே பெட்டியில் சட்டப்படி வைக்க வழியே இல்லை. 2003 பெட்டிக்கு அவ்வளவு வரவேற்பு இருந்ததற்கு இந்தப் பிரிவினை முடிந்ததும் ஒரு காரணம்.

இதே விற்பனைச் சங்கிலியில் இன்னொரு விபத்தும் நடந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமையை 28 வருடத்தில் புதுப்பிக்க வேண்டும். கைமாறிய நிறுவனங்கள் சிலவற்றைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டன. மேலே சொன்ன ‘ஃபாலிங் ஹேர்’ அதில் ஒன்று, ஃப்ளைஷரின் நீளமான வண்ண பாப்பாய் படங்களும் அதில் சேரும். யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்றானதும், நூறு கார்ட்டூன், இருநூறு கார்ட்டூன் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்ட மலிவுப் பெட்டிகள் குவிந்தன. எல்லாவற்றிலும் அதே இருபது முப்பது படங்கள் சுற்றிச் சுற்றி வரும். சாயம் போன 16 மிமீ பிரிண்ட்டில் இருந்து எடுத்தவை, சிவப்பு மட்டும் மிஞ்சி நிற்கும். எண்ணிக்கையைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர், நானும் அதில் அடக்கம்.

நல்ல பிரிண்ட் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும் அல்லவா? மூன்று வண்ண டெக்னிகலரில் முதலில் வந்தது டிஸ்னியின் 1932 கார்ட்டூன் ‘ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’. நடிகர்களைப் படம்பிடிக்க ஒரே நேரத்தில் மூன்று ஃபிலிம் ஓடும் ராட்சத கேமரா வேண்டியிருந்தது. கார்ட்டூனுக்கு அது தேவையில்லை. ஓவியம் அசையாமல் இருக்குமே! ஒரே கறுப்பு வெள்ளைச் சுருளில் ஒவ்வொரு ஓவியத்தையும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று தடவை அடுத்தடுத்து எடுத்தார்கள். ஏழு நிமிடப் படத்துக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். அந்த மூலச் சுருள் கிடைத்தால் கணினியில் மூன்றையும் துல்லியமாகப் பொருத்தி, 1940களின் தியேட்டர்கூடக் காணாத தெளிவில் காட்டலாம்.

கிடைத்தால், என்பதுதான் சங்கடம். பழைய கார்ட்டூன்களை வார்னர் ப்ளூ ரிப்பன் என்ற பெயரில் மறுவெளியீடு செய்தபோது, ஆரம்பப் பெயரட்டைகளை வெட்டிவிட்டுப் புதிய அட்டையை ஒட்டியது. வெட்டியது நெகட்டிவிலேயே. யார் இயக்கினார், யார் வரைந்தார் என்பது போய்விட்டது. இன்றும் பல படங்களுக்கு மூல அட்டை கிடைக்கவில்லை, எங்காவது ஒரு பழைய பிரிண்ட் அகப்பட்டால்தான் உண்டு.

டிவிடி காலத்தில் சுத்தம் செய்கிறேன் என்று செய்த சேதமும் இருக்கிறது. தூசி நீக்கும் தானியங்கி மென்பொருளின் தர்க்கம் எளிது: ஒரு ஃபிரேமில் இருந்து அடுத்ததில் காணாமல் போவது தூசி, அழித்துவிடு. சாதாரணப் படத்தில் இது ஓரளவு சரி. கார்ட்டூனில் வேகமாக வீசும் கையின் மைக்கோடும் ஒரு ஃபிரேமில் இருக்கும், அடுத்ததில் வேறிடத்தில் இருக்கும். மென்பொருள் கோட்டையே தின்றுவிடும். ஓடும் பூனையின் கால் பாதி கரைந்து தெரிந்தால் காரணம் இதுதான். ரசிகர்கள் கத்திக் கத்தித்தான் நிறுவனங்கள் இதைக் குறைத்தன.

திரை வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இவை கிட்டத்தட்ட சதுரத் திரைக்கு எடுத்தவை. அகலத் தொலைக்காட்சியை நிரப்ப மேலும் கீழும் வெட்டிய பதிப்பை வாங்காதீர்கள். நேர்மாறாக, 1954 முதல் வந்த அகலத்திரை டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் பழைய தொலைக்காட்சிக்காகப் பக்கவாட்டில் வெட்டுப்பட்டன. துரத்தல் நகைச்சுவையில் ஓரத்தை வெட்டினால் துரத்துபவர் காணாமல் போய்விடுவார்.

இனி, அந்தப் பொடி எழுத்து எச்சரிக்கைக்குத் திரும்பலாம். அதன் முக்கியக் காரணம் போர்க்கால ரேஷன் அல்ல, இனக் கேலி. கறுப்பினத்தவரை, ஜப்பானியரை, செவ்விந்தியரை அந்தக் காலத்து வெள்ளைப் பார்வையாளர் சிரிக்கும்படி வரைந்த காட்சிகள் இவற்றில் நிறைய. 1968இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பதினொரு கார்ட்டூன்களைத் தொலைக்காட்சிச் சுற்றில் இருந்தே எடுத்துவிட்டது. டாம் அண்ட் ஜெர்ரியில் வீட்டு வேலைக்காரப் பெண்ணாக வரும் பாத்திரத்தின் வரலாறு இன்னும் சிக்கலானது. முகம் தெரியாமல் கால்கள் மட்டும் தெரியும், குரல் லிலியன் ராண்டால்ஃபுடையது. 1960களில் தொலைக்காட்சிக்காக அவரை ஐரிஷ் உச்சரிப்புள்ள வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றி வரைந்தார்கள். 1990களில் பழைய ஓவியத்தை வைத்துக்கொண்டு தியா விடேலின் குரலை மட்டும் புதிதாகச் சேர்த்தார்கள். ஒரே படத்துக்கு மூன்று வடிவம். பெட்டியில் எது இருக்கும் என்பது வாங்கிப் பார்க்கும்வரை தெரியாது.

இந்த விஷயத்தில் நிறுவனங்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. கோல்டன் கலெக்‌ஷன் மூன்றாம் பெட்டியில் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பர்க் வந்து நேராகப் பேசுகிறார்: இந்தக் கேலிகள் அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் இவற்றை மறைத்தால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதிப்பதாக ஆகிவிடும். டிஸ்னியின் தகரப் பெட்டிகளில் அப்படிப்பட்ட படங்களைத் தனிப் பகுதியில் வைத்து, மால்டின் முன்னுரை சொன்ன பிறகே காட்டினார்கள். இன்னொரு வழி, சத்தமில்லாமல் விட்டுவிடுவது. 2011இல் டாம் அண்ட் ஜெர்ரி ப்ளூ-ரே முதல் தொகுப்பு 37 படங்களோடு வரிசைப்படி வந்தது. 2013இல் அறிவித்த இரண்டாம் தொகுப்பில் இரண்டு படங்கள் மட்டும் இல்லை என்று பட்டியலைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். எதிர்ப்பு கிளம்ப, அந்தத் தொகுப்பு கடைக்கு வராமலே நின்றுபோனது.

என் கட்சி வூப்பி கோல்ட்பர்க் கட்சி. ஆனால் அது சேகரிப்பவரின் பெட்டிக்கு. பிள்ளைகள் தாங்களே ரிமோட்டை எடுத்துப் போடும் பெட்டியில் அந்த முன்னுரையை யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள்? இரண்டு பெட்டி போட்டது வியாபார தந்திரம் என்று ஒரு காலத்தில் எரிச்சல்பட்டேன், இப்போது அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். குடும்பப் பெட்டிக்காரர்கள் எதை விட்டோம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் இணையத்தில் கிடைக்காதா என்று கேட்கலாம். 2020இல் வார்னரின் இணையத் திரைச் சேவையான ஹெச்பிஓ மேக்ஸ் தொடங்கியபோது நூற்றுக்கணக்கான லூனி ட்யூன்ஸ் குறும்படங்கள் அதில் இருந்தன. 2022 கடைசியில் 1950க்குப் பிந்தையவை போயின, 2025 மார்ச்சில் மிச்சமிருந்த பழைய படங்களும் போயின. அலமாரியில் இருக்கும் ஆறு கோல்டன் பெட்டிகளில் 350க்கும் மேற்பட்ட படங்கள் அப்படியே இருக்கின்றன. டிஸ்க்கை ஓட்டும் கருவி பழுதானால் என்ன செய்வது என்ற கவலை வேறு விஷயம்.

வார்னர் வேறு ஒரு காரியமும் செய்தது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய முழுநீளப் படங்களின் டிவிடிகளில், அந்த ஆண்டு தியேட்டருக்குப் போயிருந்தால் என்ன பார்த்திருப்பீர்களோ அதை முன்னால் சேர்த்தார்கள். 1938ஆம் ஆண்டு ராபின் ஹுட் படத்தின் டிவிடியில் மால்டின் வந்து அறிமுகம் செய்கிறார். ஒரு டிரெய்லர், ஒரு செய்திப்படம், ஒரு இசைக் குறும்படம், அப்புறம் ‘கேட்னிப் காலேஜ்’ என்று ஜாஸ் பாடும் பூனைகளின் கார்ட்டூன். ஒன்றே ஒன்று. அது முடிந்ததும் பெரிய படம் தொடங்கிவிடுகிறது. தனியாகப் பார்த்தால் சுமாரான கார்ட்டூன்தான் அது. அந்த இடத்தில் பார்க்கும்போது, முடிந்துவிட்டதே, இன்னொன்று போட மாட்டார்களா என்று இருக்கிறது.